நோய்வாங்கி

நப்பின்னை உருவாக்கிய காப்பு முந்திரி என்ற ரகத்தை, மரங்களை நுனியிலிருந்து கருக்கிக் கொல்லும் கருந்துளிர் நோய் தொடவே இல்லை. பண்ருட்டிச் செம்மண்ணில் எல்லாரும் பழைய மரங்களை வெட்டிவிட்டு அதையே நட்டிருந்தார்கள். நட்டபின் வந்த ஐந்தாவது தை மாதத்திலும் தோப்புகள் பச்சைப்பசேலென்று நின்றன. பூ மட்டும் இல்லை.

"விஞ்ஞானி நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் அத்தனையும் வெட்டினேன்," என்றாள் தையல்நாயகி. நான்கு ஏக்கர் முந்திரியை நம்பிப் பிழைப்பவள். "இப்ப எலையயா வறுத்து விக்கறது?"

நப்பின்னை மரம் மரமாக இலைமொழிமானியைப் பிடித்துப் பார்த்தாள். இலைகள் காற்றில் விடும் வாசனையைப் படித்துச் சொல்லும் கருவி அது. எங்கும் ஒரே அமைதி. கிழக்கு மூலைக்குப் போனதும் கருவியின் முள் துடித்தது.

அங்கே பழைய மரத்தின் அடிக்கட்டை ஒன்று மறுபடி துளிர்த்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. நுனியெல்லாம் கருகல்.

"இத ஏன் விட்டு வெச்சீங்க?"

"வெட்ட வெட்டத் துளுக்குது மேடம். நான் என்ன பண்றது?"

நப்பின்னை அரிவாளை வாங்கி ஓங்கினாள். கை அப்படியே நின்றது. கட்டையைச் சுற்றியிருந்த காப்பு முந்திரிகளில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூ.

நோயுற்ற மரம் ஓர் அபாய வாசனையை விடுகிறது. அதை உணர்ந்த மரங்கள், சாவதற்குள் விதை விட்டுவிட வேண்டுமென்று பூக்கின்றன. சுற்றிலும் நோயே இல்லாததால் அவளுடைய மரங்களுக்கு அந்தப் பயமே இல்லாமல் போயிருந்தது.

அடுத்த மழைக்கு ஒவ்வொரு தோப்பிலும் பழைய ரகத்தில் சில கன்றுகளை நடச் சொன்னாள். நோய்வாங்கி என்று பெயரும் வைத்தாள். அவை வளர்ந்து கருகத் தொடங்கியதும் தோப்புகள் காய்த்துக் குலுங்கின.

அந்தப் பருவத்தில் நப்பின்னை தோப்புக்குப் போனபோது, தையல்நாயகி மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு நோய்வாங்கியின் முன் நின்றிருந்தாள்.

"அடிக்காதீங்கம்மா."

"அடிச்சா பொழச்சிக்கும்ல?"

"பொழச்சிக்கும். மத்தது பூக்காது."

தையல்நாயகி கருகிய இலை ஒன்றைக் கிள்ளி விரலில் வைத்துப் பார்த்தாள். "சீக்காவே கெடக்கட்டும்னு நட்டு வெச்சிருக்கோம். இது செத்துட்டா?"

"வேற நடணும்."

அவள் தெளிப்பானைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

நோய் அண்டாத மரத்துக்காகப் பாதி வாழ்நாளைச் செலவிட்ட நப்பின்னையின் பண்ணையில் இப்போது வேறு நாற்றுகள் வளர்கின்றன. சுலபமாக நோய் பிடிக்க வேண்டும், சீக்கிரம் செத்துவிடக் கூடாது. அப்படி ஒரு மரத்தைத்தான் அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.