வேளிமலைக் கம்பெனியின் வெற்றுக் கடிதம்

1954, மாசி இருபத்திரண்டு, சனிக்கிழமை. காலை பத்து மணி.

ஜான்ரோஸ் மாஸ்டர் டெண்டர் பெட்டியின் பூட்டைத் திறந்தார். மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, இரண்டு கவர்களை எடுத்தார். கையில் ஏறிய எறும்பை ஊதித் தள்ளிவிட்டு முதல் கவரைக் கிழித்தார்.

"வள்ளியாறு கம்பெனி. மேனேஜர் தாணப்பன். கயிறு, கட்டு ஒன்றுக்குப் பதினேழு ரூபாய்."

இரண்டாவது கவரைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு அரக்கு உடையவில்லை. அரக்கில் வேளிமலை ஒற்றைச் சிகரத்தோடு நின்றது. கவரைக் கிழித்துத் தாளை விரித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

வெறும் தாள்.

"செல்லக்கனி," என்றார். "இது என்ன?"

செல்லக்கனி வேளிமலைக் கம்பெனியின் மேனேஜர், பத்தொன்பது வயது. அவள் பதில் சொல்வதற்கு முன் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது நான் போட்டது இல்ல மாஸ்டர்."

தக்கலையில், திருவனந்தபுரம் ரோட்டில், ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அந்த வணிகப் பயிலகம். ஓராண்டாக அங்கே இரண்டு கம்பெனிகள் நடந்தன. சரக்கு கிடையாது. கப்பல் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு. மேனேஜர் உண்டு, டைப்ரைட்டர் உண்டு, பித்தளை முத்திரை உண்டு, மூலையில் ஒரு தபால் மேசையும் உண்டு. இல்லாத கயிற்றை இல்லாத கப்பலில் ஏற்றிக் குளச்சலிலிருந்து கொழும்புக்கு அனுப்புவார்கள். கப்பல் மூழ்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார்கள். கப்பலை எப்போது மூழ்கடிப்பது என்று மாஸ்டர் முடிவு செய்வார்.

ஆண்டு முடிவில் ஒரு டெண்டர். அது மட்டும் விளையாட்டல்ல. குறைந்த விலை போட்டு ஜெயிப்பவரைக் குழித்துறையில் ஒரு நிஜமான கயிற்றுக் கம்பெனி மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு இடம். அந்தக் கம்பெனியின் மேனேஜர் சிலுவைதாசன் பதினொன்றரை மணி பஸ்ஸில் வருவார்.

செல்லக்கனியின் அப்பா பொன்னுலிங்கம் கருப்பட்டி வியாபாரி. மகளுக்கு ஓராண்டு கொடுத்திருந்தார். இடம் கிடைத்தால் குழித்துறை. கிடைக்காவிட்டால் திங்கள் முதல் அவருடைய கிட்டங்கியில் ஓலைப்பெட்டி அடுக்க வேண்டும். அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல.

"ஆவணியில ஒரு தடவை இப்படிச் செய்திருக்க," என்றார் மாஸ்டர். "கார்பனுக்கு மூணு தாள் வச்சு, எழுதின தாள ஃபைல்ல போட்டு, வெறும் தாள கவர்ல போட்ட."

"ஆவணியில செய்தேன். நேத்துச் செய்யல்ல."

"பூட்டு உடையல்ல. சாவி எனக்க இடுப்புல. அரக்குல உங்க மலை நிக்கு. பொறவு யாரு செய்வா?"

"கப்பல் முங்கிப்போச்சு மக்கா," என்றான் தாணப்பன். "இன்ஷூரன்ஸுக்கு எழுது."

உலகம்மை சிரிக்கவில்லை. மூன்றாவது மாணவி; தபால் மேசை அவள் பொறுப்பு.

தாணப்பன் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போனான். "இனி இது எதுக்கு மாஸ்டர்? பரண்ல தூக்கிப் போடட்டா?"

"இருக்கட்டும்," என்றாள் செல்லக்கனி. "பதினொன்றரை வரை நேரம் இருக்கு மாஸ்டர். அதுவரை யாரும் எதையும் தொடப்பிடாது. நான் கண்டுபிடிக்கேன்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "செய்," என்றார்.

10.15.

அவள் முதலில் தன் மேசைக்குப் போனாள். இழுப்பறையில் முத்திரை இருந்தது. அரக்குக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, ஒரு பழைய தாளில் சொட்டவிட்டு, முத்திரையை அழுத்தி எடுத்தாள். வெற்றுக் கடிதத்தின் கவரைப் பக்கத்தில் வைத்தாள்.

"மாஸ்டர், புதன்கிழமை என்னய ஏசினீங்களே. நினைவு இருக்கா?"

"முத்திரை அடைஞ்சு கிடக்குன்னு சொன்னேன். மலைக்கு ஒரு சிகரத்தக் காணல்லன்னு சொன்னேன்."

"வெள்ளிக்கிழமை காலம்பற வந்த உடனே ஊசியால அரக்கக் குத்தி எடுத்தேன். உலகம்மை கண்டா."

"கண்டேன்," என்றாள் உலகம்மை. "எனக்க ஊசிதான். முனை வளஞ்சுபோச்சு."

மாஸ்டர் இரண்டு அரக்கையும் குனிந்து பார்த்தார். இப்போது பதித்ததில் இரட்டைச் சிகரம். கவரில் ஒற்றைச் சிகரம்.

"இந்தக் கவரு வெள்ளிக்கிழமைக்கு முன்னால ஒட்டினது. நான் எனக்க டெண்டர டைப் அடிச்சதே வெள்ளிக்கிழமை மத்தியானம்."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டிருந்தார்.

"புதன்கிழமைதான் அது அடைஞ்சது; அண்ணைக்கு முழுக்க முத்திரை எனக்க கையில இருந்தது. வியாழக்கிழமை மாசி இருபது. ஐயா அவதார நாளு. நான் சாமித்தோப்புக்குச் சாமி கும்பிடப் போயிட்டேன். அண்ணைக்கு இங்க யாரெல்லாம் உண்டு?"

"நான் பதினொரு மணிக்கு நாகர்கோவில் போனேன்," என்றார் மாஸ்டர். "இவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க."

"நான் மூணு மணிக்குப் போனேன்," என்றாள் உலகம்மை.

"நான் அஞ்சு மணி வரை இருந்தேன்," என்றான் தாணப்பன். "அதுல என்ன தப்பு? பெட்டியப் பூட்டினது வெள்ளிக்கிழமை. நீ கவர ஒட்டினது மூணரை மணிக்கு. நான் பன்னிரண்டுக்கே எனக்கக் கவரப் போட்டுட்டு ஒரு மணி பஸ்ல ஊருக்குப் போயிட்டேன். நீ ஒட்டும்போது நான் தக்கலையிலயே இல்ல, கேட்டியா?"

அது உண்மை. பஸ் ஏறியதை ஜவுளிக்கடைக்காரரே பார்த்திருந்தார். மாஸ்டரின் பார்வை மெல்ல உலகம்மை பக்கம் திரும்பியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

உலகம்மை எழுந்து நின்றாள். "நான் எதுக்குட்டி செய்யணும்?"

"நீ செய்யல்ல," என்றாள் செல்லக்கனி. "இருந்து பதில் சொல்லு. பெட்டி எப்பம் பூட்டினது?"

"வெள்ளி பதினொன்றரைக்கு. காலிப் பெட்டின்னு மாஸ்டர் நம்ம மூணு பேருக்கும் காட்டினாரு. பொறவு பூட்டி, நாலு மணிக்குள்ள கவரு போடணும்னு சொல்லிச் சாவிய எடுத்துக்கிட்டாரு."

"அதுக்கு முன்னால?"

"ஒரு வாரமா எனக்க மேசையில திறந்துதான் கிடந்தது."

"பன்னிரண்டு மணிக்குத் தாணப்பன் போட்டதக் கண்டியா?"

"கண்டேன்."

"எத்தன கவரு?"

"கையில ஒண்ணுதான் கண்டேன். சரியாப் போகல்ல. துவாரம் இறுக்கமா இருக்குன்னு எனக்க ஸ்கேல வாங்கித் தள்ளினான். ரெண்டு தடவ தள்ளினான்."

"நான் போடும்போது ஸ்கேல் கேட்டேனா?"

"இல்ல. உனக்கது சர்ருன்னு போயிட்டு."

"எனக்கக் கவரு மெலிசு இல்லியே. எல்லாம் ஒரே கடையில வாங்கின கவரு."

தாணப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே நாகர்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

10.50.

செல்லக்கனி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். தேக்குப் பெட்டி. முன்பலகையில், மேலே, கவர் நுழையும் அளவுக்குத் துவாரம். உள்ளே நான்கு பக்கமும் பழுப்புத்தாள் ஒட்டியிருந்தது. அவள் எதையும் தொடவில்லை. எறும்புகளைப் பார்த்தாள். சின்னச் செவ்வெறும்புகள். மேசைக்காலில் ஏறி, முன்பலகை வழியாக உள்ளே போய், தாளின் ஓரத்தில் வரிசை பிடித்திருந்தன. மற்ற மூன்று பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

"உலகம்மை, நம்ம பசைய யாரு காய்ச்சுகா?"

"நான்தான். மரச்சீனி மாவு."

"துருசு போடுவியா?"

"போடாம? போடாட்டி ஒரே நாள்ல எறும்பு வந்திரும். பாரு, நீலமா இருக்கும்." அவள் பசை டப்பாவை நீட்டினாள். பசை இளநீலமாக இருந்தது. டப்பாவைச் சுற்றி எறும்பு இல்லை.

"சரி," என்றாள் செல்லக்கனி. எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டியப் பூட்டுங்க மாஸ்டர். மேனேஜர் வரட்டும்."

"கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு."

11.35.

சிலுவைதாசன் குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டுச் செல்லக்கனியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணரை மணிக்குத் திரும்பணும் அம்மா. சுருக்கமாச் சொல்லு."

"ஒரு நிமிஷம் போதும் சார்." அவள் ஒரு காலிக் கவரை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "இதுல உங்க பேரு எழுதி நீங்களே பெட்டியில போடுங்க."

அவர் எழுதினார். எழுந்து போய்த் துவாரத்தில் போட்டார். கவர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

"மாஸ்டர், திறங்க. சாருக்கக் கவர எடுத்துக் குடுங்க."

மாஸ்டர் பூட்டைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். பெட்டியைத் தூக்கிச் சாய்த்தார்.

பெட்டி காலி.

"எனக்கக் கவரு எங்க?" என்றார் சிலுவைதாசன்.

"எனக்கக் கவருகூட இருக்கு சார். நான் எனக்கக் கடிதத்த நானே உள்ள போட்டேன். பூட்ட யாரும் திறக்கல்ல. அப்பம் அது பெட்டிக்குள்ளதான இருக்கணும்? காலையில நாம எல்லாரும் பூட்டையும் அரக்கையும் பாத்தோம். பெட்டியப் பாக்கல்ல."

அவள் முன்பலகையின் உள்பக்கத்தில் விரலை வைத்துப் பழுப்புத்தாளின் மேல்விளிம்பைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. தாள் கிழிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பழுப்புத்தாள் இருந்தது, பழையது. இரண்டுக்கும் நடுவிலிருந்து இரண்டு கவர்கள் விழுந்தன. ஒன்றில் சிலுவைதாசனின் பெயர். மற்றதில் சிவப்பு அரக்கு, இரட்டைச் சிகரம்.

மாஸ்டர் "கர்த்தாவே" என்றார்.

"பழைய தாளுக்கு மேல ஒரு புதுத் தாள், மூணு பக்கம் ஒட்டி, மேல்பக்கம் திறந்து பை மாதிரி. விளிம்பு துவாரத்துக்குக் கீழ உள்பக்கமாச் சாஞ்சு நிக்கும். சும்மா போட்ட கவரு பைக்குள்ள போகும். ஸ்கேலால விளிம்ப அமுக்கித் தள்ளினா, தாண்டி அடியில விழும். உலகம்மைக்கு அந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருந்தா ஸ்கேல் குடுத்தத எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டா. அவ ஒட்டியிருந்தா துருசுப் பசையில ஒட்டியிருப்பா, எறும்பு வந்திருக்காது. இது வேற வீட்டுப் பசை. வியாழக்கிழமை மூணு மணிக்கு மேல இங்க தனியா இருந்து, எனக்க முத்திரைய எடுத்து, வெறும் தாள அரக்கு வச்சு, பெட்டிக்குள்ள பையும் ஒட்டினது ஒரு ஆளு. வெள்ளிக்கிழமை ரெண்டு தடவ ஸ்கேலால தள்ளினதும் அதே ஆளு. முதல் தடவ அவனுக்கக் கவரு. ரெண்டாம் தடவ, மறைச்சு வச்சிருந்த வெறும் தாள் கவரு. காலையில பெட்டியப் பரண்ல போடட்டான்னு கேட்டதும் அவன்தான்."

அவள் திரும்பினாள்.

"ஒரு மணி பஸ்ல போனது நல்ல யோசனதான் தாணப்பா. நாலு மணி வரை நேரம் இருக்கும்போது பன்னிரண்டுக்கே எதுக்குப் போட்டன்னுதான் நான் யோசிச்சேன்."

தாணப்பன் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாமே பாவனதான செல்லக்கனி," என்றான் கடைசியில். "கயிறு பாவன. கப்பல் பாவன. மாஸ்டர் எத்தன தடவ எனக்கக் கப்பல முக்கினாரு. நானும் ஒரு தடவ முக்கினேன்."

"எனக்க ஒரு வருஷம் பாவன இல்லலே."

சிலுவைதாசன் கீழே கிடந்த கவரை எடுத்தார். அரக்கைப் பார்த்தார். "முத்திரை உடையல்ல. நேரத்துக்குள்ள பெட்டிக்குள்ள போயிருக்கு. இது செல்லும்," என்றார். கிழித்தார். படித்தார். இன்னொரு முறை படித்துவிட்டுத் தாணப்பனைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்க விலை பதினெட்டு ரூபாய்."

கீழே ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நீ போட்டது பதினேழு," என்றார் சிலுவைதாசன். "சும்மா இருந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப."

தாணப்பன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், மாடிப்படியில் இறங்கிப் போனான். மாஸ்டர் அவனைக் கூப்பிடவில்லை.

செல்லக்கனி அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தன் கடிதத்தைக் கண்டுபிடித்தாள். அந்தக் கடிதம் தோற்கிற கடிதம். ஆனால் அவள் ஓராண்டாக மேனேஜராக இருந்தவள். நிமிர்ந்து நின்றாள்.

"சார், குறைஞ்ச விலைக்காரரு முறைகேட்டுல விலக்கப்பட்டா, அடுத்த விலைக்காரருக்கு ஆர்டர் போகணும். டெண்டர் விதி ஆறு. மாஸ்டர் சொல்லித் தந்தது."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

சிலுவைதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி சரி. ஆனா நான் வியாபாரி. அவனுக்க விலைக்கே நீ தருவியா? பதினேழுக்கு?"

"தரமாட்டேன் சார்."

"ஒரு ரூபாய்க்காக இடத்த விடுவியா?"

"குளச்சல்ல போய் நாலு பேருகிட்ட விசாரிச்சுத்தான் விலை போட்டேன். பதினேழுக்குத் தந்தா ஈரக் கயிறுதான் தர முடியும். கப்பல்ல ஏத்தும்போது எடை இருக்கும். கொழும்புல இறக்கும்போது இருக்காது. அடுத்த வருஷம் நீங்க எங்கிட்ட வாங்க மாட்டீங்க."

சிலுவைதாசன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பையிலிருந்து டைரியை எடுத்து, ஒரு பக்கத்தில் அவள் பெயரை எழுதினார். அப்பா பெயரையும் கேட்டு எழுதினார்.

"திங்கட்கிழமை காலம்பற எட்டு மணி. ஆத்துப் பாலம் கடந்து ரெண்டாவது கட்டடம். டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல இரு."

"சரி சார்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு படி வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"எங்க கம்பெனி முத்திரையில ஒரு பாய்மரக் கப்பல் உண்டும். பாய்மரத்தக் கண்டு எட்டு வருஷம் ஆச்சு. வரும்போது ஒரு ஊசி எடுத்துட்டு வா."

உலகம்மை தன் தாவணி முனையிலிருந்து முனை வளைந்த ஊசியைக் கழற்றிச் செல்லக்கனியின் உள்ளங்கையில் வைத்தாள்.