உலை அணைந்த வீடு

"ஜன்னலை மூடுடி! வெளியில மைனஸ் முப்பது... நீ காத்து வாங்குறியா?"

மாமியார் பராஸ்காவின் குரல் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை வந்து அறைந்தது. டாரியா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். விரல்கடை அளவு திறந்த இடைவெளியில் நுழைந்த கனடாவின் வின்னிபெக் குளிர் கன்னத்தை அறுத்தது. ஆனாலும் அதைத்தான் அவள் நெஞ்சு கேட்டது. தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் இருந்தது. நேற்றும் அப்படித்தான். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு விடியலும் அப்படித்தான்.

"தலை வலிக்குதும்மா... ஒரு நிமிஷம்."

"தினமும் ஒரு வலி! வேலைன்னா உனக்கு வலி வந்துடும். நானும் இந்த வீட்டுல நாப்பது குளிர்காலம் கழிச்சவதான். எனக்கு வரலையே?"

டாரியா ஜன்னலை மூடினாள்.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டவள் அவள். மாமியாரால் படியேற முடியாது என்று தரைத்தளத்துப் படுக்கையறையை அவருக்கு விட்டுக்கொடுத்தவளும் அவளே. மேலே பரண் தவிர வேறு அறை கிடையாது. அதனால் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலையான ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். கணவன் ஒரெஸ்ட் லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டான். அந்த அறையில் நாள்தோறும் மூச்சு விட்டவள் அவள் ஒருத்திதான்.

அந்த உலை பராஸ்காவின் கணவர் மெட்ரோ தன் கையாலேயே பொருத்தியது. அவர் போய்விட்டார், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எரியத் தொடங்கும்போது தொண்டை அடைத்த கிழவனைப்போல் இருமும். பிறகு மஞ்சளாக எரியும். நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் நச்சுவாயு கசியலாம் என்று டாரியா கேள்விப்பட்டிருந்தாள்.

அன்று காலை கொழுந்தன் ரோமன் வந்தான். இரும்புச் சாமான் கடையில் வேலை பார்ப்பவன். எந்த இயந்திரமானாலும் தனக்குத் தெரியும் என்று சொல்பவன். கையில் ஏ.சி. படம் போட்ட மடக்குத்தாள்.

"அம்மா, போன கோடையில மூச்சு முட்டிக் கிடந்தீங்களே... இந்த வருஷம் அந்தக் கஷ்டம் இல்ல. பெரிய ஏ.சி. போட்டுடலாம். அப்பாவோட ஃபர்னஸ் மேலயே உக்கார வச்சா அதே குழாய் வழியா வீடெல்லாம் குளிரும்."

பராஸ்காவின் முகம் மலர்ந்தது. "என் மகன்டா நீ!"

டாரியா தேநீரை மேசையில் வைத்தாள்.

"ரோமன்... அந்த ஃபர்னஸே சரியில்ல. முதல்ல அதை மாத்தணும். அது மேல ஏ.சி.யை வச்சுட்டு அப்புறம் அது போயிடுச்சுன்னா, ரெண்டையும் கழட்டணும். மாத்துறதுன்னா ரெண்டையும் சேர்த்து மாத்திடலாமே..."

"அண்ணி, அது இன்னும் பத்து வருஷம் ஓடும். நானே திறந்து பாத்தேன்."

"தீ மஞ்சளா எரியுது. எனக்குத் தினமும் குமட்டுது..."

"ஓ! அம்மாவுக்கு ஏ.சி.ன்னதும் உங்களுக்குக் குமட்டுதா?" என்று ரோமன் சிரித்தான்.

பராஸ்கா சிரிக்கவில்லை. "என் புருஷன் பொருத்தினதைத் தூக்கி எறியணும்... நான் கோடையில மூச்சு முட்டிச் சாகணும். அதானேடி உன் ஆசை?"

டாரியாவின் கண்கள் நிறைந்தன. கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தன் கைக்காசில் அவள், கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையில்லாத நச்சுவாயு கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்றை வாங்கி, நிலவறைப் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தாள். மாட்டிய சில நாட்களிலேயே ஒரு மாலை அது வீறிட்டுக் கத்தியது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ரோமனை அழைத்தாள். அவன் வருவதற்குள் காற்றோட்டத்தில் அலாரம் அடங்கிப்போயிருந்தது. "மலிவுச் சாமான். வெங்காயம் வதக்கினாக்கூடக் கத்தும்" என்றான். "புது ஃபர்னஸ் வாங்கவைக்க இவ போடுற நாடகம்" என்றாள் பராஸ்கா. அதற்குப் பிறகு அது கத்தவே இல்லை. கத்தாத வரைக்கும் ஆபத்தில்லை என்று டாரியாவும் தன்னைத் தேற்றிக்கொண்டாள்... அந்த அமைதி எப்பேர்ப்பட்டது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

குளிர் இன்னும் இறங்கியது. உலை ஓயாமல் ஓடியது. வீட்டின் ஜன்னல்களெல்லாம் உள்ளே பனி படிந்து குருடாகிவிட்டன. ஒருநாள் மாமியாரின் மருந்து வாங்க டாரியா கிளம்பியபோது பராஸ்கா சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அதிசயமாக, "தலை லேசா கனக்குது" என்றாள்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்! போயிட்டு வா."

மருந்துக்கடையில் நிற்கும்போது அந்த வார்த்தை டாரியாவின் காதில் மறுபடி ஒலித்தது. தலை கனக்குது... ஒருநாளும் தலைவலி என்று சொல்லாதவளாயிற்றே! மருந்தைக்கூட வாங்காமல் ஓடினாள். பனியில் சறுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள்.

கதவைத் திறந்ததும் கதகதப்பான காற்று முகத்தில் மோதியது. எந்த வாசனையும் இல்லை. பராஸ்கா மேசைமேல் சரிந்து கிடந்தாள். முகம் காய்ச்சல் கண்டதுபோல் சிவந்திருந்தது. பாதி சீவிய கிழங்கு தரையில் உருண்டு கிடந்தது.

"அம்மா! அம்மா!"

பதில் இல்லை. டாரியா மேசைவிரிப்பை உருவித் தரையில் போட்டாள். கனத்த அந்த உடம்பை அதில் சாய்த்து இழுத்தாள். கண் இருண்டது. இங்கே விழுந்தால் இருவரும் பிணம் என்று மட்டும் தெரிந்தது. வாசற்படி தாண்டி, பனிமேல் இழுத்துப் போட்டு, "யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

பராஸ்காவைத் தன் கோட்டால் போர்த்தும்போது கிழவியின் ஏப்ரன் பையிலிருந்து ஏதோ பனியில் விழுந்தது. பேட்டரிகள்... அலாரத்தின் பேட்டரிகள். அது கத்தாமல் போன காரணம் டாரியாவுக்குப் புரிந்தது. பிறகு அவற்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு முகமூடிக்குள் பராஸ்கா மூச்சு வாங்கினாள். எரிவாயு ஆட்கள் உலையின் உள் தகட்டில் விரிசலைக் கண்டு, குழாயை மூடி, இனி எரிக்கக் கூடாது என்ற சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ரோமனின் முகம் வெளுத்திருந்தது. குற்றத்தை எங்காவது இறக்கிவைக்க அவனுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

"அலாரம் மாட்டினீங்களே அண்ணி, பேட்டரி எங்க? பேட்டரி இல்லாத அலாரம்! யாருக்குக் காட்ட மாட்டினீங்க?"

லாரியை வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்த ஒரெஸ்ட்டும் அவளைப் பார்த்தான். "பேட்டரி போட மறந்துட்டியா டாரியா? என் அம்மா செத்திருப்பாளே..."

கட்டிலில் பராஸ்காவின் கண்கள் திறந்திருந்தன. அந்தக் கண்கள் மருமகளை நோக்கின. முதல்தடவையாக அவற்றில் பயம் தெரிந்தது.

டாரியா தலை குனிந்தாள். "...மறந்துட்டேன்."

பராஸ்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புது உலை பார்ப்பதைத் தள்ளிப்போட வழியில்லை. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க அறைக்கு அறை மின்சார ஹீட்டர் வைத்திருந்தார்கள். பராஸ்கா வீடு திரும்பிய வாரம், உலைக் கம்பெனியிலிருந்து வந்த பெண் சுவர், ஜன்னல், பரண் எல்லாவற்றையும் அளந்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாள். எல்லாரும் கோட்டோடு இருந்தார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பெருசு, விலை கம்மி. பழைய புகைபோக்கியையே வச்சுக்கலாம். இன்னொண்ணு உங்க வீட்டு அளவுக்குச் சரியானது. எரியறதுக்கு வேண்டிய காத்தை வெளியிலேர்ந்தே எடுத்து, புகையையும் தனிக் குழாய் வழியா வெளிய தள்ளும். வீட்டுக் காத்தைத் தொடாது. ஏ.சி. ரெண்டுலயும் மேல உக்காரும்."

"பெருசே போடுங்க," என்றான் ரோமன். "பெருசுன்னா பலம்."

"பெருசுன்னா சட்டுனு சூடாக்கிட்டு நின்னுடும், திரும்ப எரியும். சீக்கிரம் தேஞ்சுபோகும். கோடையில அதுக்கேத்த பெரிய ஏ.சி.யும் அப்படித்தான். சில்லுனு இருக்கும், ஆனா புழுக்கம் போகாது."

"ரோமன் சொல்றபடி செஞ்சிடலாம்," என்று ஒரெஸ்ட் பேனாவை எடுத்தான்.

அடுப்போரம் நின்ற டாரியாவை யாரும் கேட்கவில்லை. அவள் முந்தின நாளே தன் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். உலை வந்து மாமியார் கதகதப்பாகப் படுப்பதைப் பார்த்துவிட்டு, எட்மண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று தீர்மானித்திருந்தாள்.

"பேனாவைக் கீழ வை!"

பராஸ்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றாள். உதடுகள் துடித்தன.

"அவளைக் கேளு. இந்த வீட்டுல மூச்சு விட்டவ அவ. விஷத்தைக் குடிச்சவ அவ. அவளைக் கேளுடா!"

"அம்மா, அண்ணிதானே பேட்டரி..."

"நான்தான்டா எடுத்தேன்!" கிழவியின் குரல் கிழிந்தது. "அது கத்துச்சு... இவ நாடகம்னு நெனச்சு நான்தான் புடுங்கி என் பையில போட்டேன். கீழ படுத்திருக்கறவ என்ன ஆவான்னு யோசிக்கல. இவளுக்குத் தெரியும்! தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லல. நீங்க திட்டுனீங்க... நானும் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். பாவி நான்!"

ஒரெஸ்ட்டின் பேனா மேசையில் உருண்டது. "டாரியா... ஏன் சொல்லல?"

டாரியா மெல்லச் சொன்னாள்: "அவங்க அப்போதான் உயிரோட கண்ணு முழிச்சாங்க. அந்த நேரத்துல... எப்படிச் சொல்றது?"

ரோமன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "அண்ணி... அந்தத் தகட்டை நான் திறந்து பாக்கவே இல்ல. பாத்தேன்னு சும்மா சொன்னேன்." தரையைப் பார்த்தபடி அழுதான்.

பராஸ்கா தட்டுத்தடுமாறி வந்து மருமகளின் கைகளைப் பற்றினாள். "உன் பெட்டியைப் பாத்தேன்டி. போகணும்னா போ. தடுக்க எனக்கு வாய் இல்ல. ஆனா போனா நானும் கூட வருவேன். என்னையும் இழுத்துக்கிட்டுப் போ..."

அவ்வளவு வருஷம் அடக்கிவைத்ததெல்லாம் டாரியாவிடமிருந்து ஒரே விம்மலாக வெடித்தது. கிழவியின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அளக்க வந்த பெண் மெதுவாக எழுந்து வெளியே போய் நின்றாள்.

அழுது ஓய்ந்தபின் டாரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அளவுக்குச் சரியானதே போதும். வீட்டுக் காத்தைத் தொடாதது. அப்புறம்... நான் இனிமே நிலவறையில படுக்கமாட்டேன்." அவள் அந்த வீட்டில் எதையாவது கேட்டது அதுவே முதல்தடவை. ஒரெஸ்ட் அன்றே அவள் கட்டிலை மாமியாரின் அறைக்கு ஏற்றினான். இரு பெண்களும் ஒரே அறையில் படுத்தார்கள்.

புது உலை சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் நச்சுவாயு போகும்போது எதையோ எடுத்துக்கொண்டுதான் போயிருந்தது. வசந்தம் வருவதற்குள் பராஸ்காவுக்கு மறதி வந்தது. பக்கத்துத் தெருவின் பெயர் போனது. சாப்பிட்டோமா இல்லையா என்பது போனது. சில காலைகளில் ரோமனை யாரென்று கேட்டாள். ஒன்று மட்டும் போகவில்லை. பாதிரியார் வந்தாலும், தபால்காரர் வந்தாலும், டாரியாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவாள்.

"இவ என் மருமக. இவளை நான் கொல்லப் பாத்தேன். இவ என்னைப் பனியில இழுத்துப் போட்டுக் காப்பாத்தினா."

"போதும்மா," என்பாள் டாரியா. "சூப் ஆறுது, வாங்க."

"சொல்லணும்டி," என்பாள் கிழவி, அப்போதுதான் முதல்தடவையாகச் சொல்பவளைப்போல் கண்ணீர் வழிய. "இதையும் மறந்துட்டேன்னா நான் எதுக்கு?"