டிலே இல்லாத பெட்டி

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்து. அதன் கடைசியில் இருந்த பழைய மாடி வீட்டுக்கு நான் போனபோது மாலை ஐந்து மணி இருக்கும். செவ்வாய்க்கிழமை. தி.நகர் ஜவுளிக் கடையில் காலையிலிருந்து நின்ற கால்கள் ஒவ்வொரு படிக்கும் கெஞ்சின. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

கதவைத் திறந்தவர் பெயர் ரூபீனா. ஆன்லைனில் கீபோர்டு சொல்லிக்கொடுத்தவர், இப்போது விட்டுவிட்டாராம். ஒரு மைக், வயர் ஹெட்போன், இரண்டையும் லேப்டாப்பில் சேர்க்கும் சின்ன ஆடியோ பெட்டி. மூன்றையும் எனக்கு விற்கத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

"டிலே இருக்குமா மேடம்? சத்தம் பிந்தி வருமா?" என்று கேட்டேன்.

"இருக்காது. அதனாலதான் விக்கிறேன்."

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். களைத்துப்போனவன் எதையும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

எனக்கு அந்தப் பெட்டி தேவைப்பட்டது முனியனுக்காக. நான் கானா பாடுவேன், அவன் டோலக் வாசிப்பான். பன்னிரண்டு வருடம் அடையாற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. குடிசைகளை இடித்தபோது அவனுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது, நான் கடைக்குப் பக்கத்தில் வாடகை அறைக்கு வந்துவிட்டேன். பஸ் பிடித்து ஒத்திகைக்கு வந்து சேர்வதற்குள் ஒத்திகை முடிந்துவிடும். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு அனுப்புங்க. இல்லாட்டி டோலக்குக்கு வேற ஆள் போட்டுப்பேன்" என்று சொல்லிவிட்டார் எங்கள் குழுவை நடத்துபவர். டோலக் போனால் முனியனிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தோம். வீடியோ காலில் டோலக்கே கேட்கவில்லை. அந்த ஆப் அதை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிட்டது. ப்ளூடூத் ஹெட்போனில் எல்லாமே பிந்தி வந்தது. கடைசியில் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இரண்டு பேரும் பழைய லேப்டாப்பில் போட்டோம். அதிலும் என் குரல் அவனிடம் போய் அவன் தாளத்தோடு திரும்பி வர அரை நொடி ஆனது. நல்ல பெட்டி இருந்தால் சரியாகும் என்றார்கள். புதிதாக வாங்க வழியில்லை.

அறைக்கு வந்து மாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"மச்சி, இன்னா பாடப் போற?" ஹெட்போனில் முனியன்.

"சாவுப் பாட்டு பாடறேன். அதான் ரெண்டு பேருக்கும் தூக்கத்துலயும் வரும்."

அந்தப் பாட்டில் பேரும் கிழமையும் காலியாக இருக்கும். சாவு வீட்டில் கேட்டு நிரப்புவோம். பழகும்போது பேர் வரும் இடத்தில் 'ஐயா' என்று மட்டும் பாடுவோம். உயிரோடு இருப்பவர் பேரை யாரும் போட மாட்டோம்.

"ஐயான்னா தாளம் நொண்டுது மச்சி" என்றான் முனியன். "எம் பேரப் போடு. கரெக்டா உக்காரும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்று இருந்தது.

"அடையாத்து கரையில பொறந்தவரே, ஆளாளுக்கும் சோறு போட்டவரே, முனியண்ணே..."

கச்சிதம். குரலும் தாளமும் ஒன்றாக வந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல் இருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

இரண்டாம் முறை பாடியபோது ஏதோ உறுத்தியது.

ஹெட்போனில் என் குரல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முதலில் ஒரு எழுத்து. அப்புறம் ஒரு சொல். நான் மூச்சு எடுக்கும்போதே என் குரல் அங்கே பாடி முடித்திருந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

"முனியண்ணே, நீ போனது எந்தக் கெழம?" என்று என் குரல் கேட்டது. வழக்கமாக நான் அந்த இடத்தில் நிறுத்துவேன். அது நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கெழம."

பெட்டியின் வயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன். முனியனுக்கு போன் போட்டேன். அவன் மனைவி தேசம்மா எடுத்தாள்.

"அவரு வாசிச்சிக்கினு கீறாருண்ணா. நீங்கதான பாடறீங்க?"

போனுக்குள் டோலக் சத்தம். அதன் மேல் முனியனின் குரல், மூச்சு வாங்க: "நிறுத்தாத மச்சி. சூப்பரா வருது. கையே நிக்க மாட்டுது."

பிடுங்கிய வயர் என் மடியில் கிடந்தது.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ரூபீனா வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று வியாழன். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து பெரும்பாக்கத்தில் முனியன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை, பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். நாளை முழுக்க அவனை வீட்டை விட்டு வெளியே விட மாட்டேன். அவன் லேப்டாப்பை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன்.

இருட்டிக்கொண்டு வருகிறது. முனியன் பாயில் தூங்குகிறான். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவன் விரல்கள் மட்டும் தரையில் தாளம் போடுகின்றன. எனக்குத் தெரிந்த தாளம்தான்.

என் வாய் மூடித்தான் இருக்கிறது. தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

சமையல்கட்டிலிருந்து தேசம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"கொஞ்சம் மெதுவா பாடுங்கண்ணா. அவரு தூங்கறாரு இல்ல?"