ஒரு தட்டு அதிகம்

படத்தில் ஆட்கள் இரண்டு பேர். மேசையில் தட்டுகள் மூன்று. சிவரூபியின் கண்ணில் இது பட்டதே தற்செயல்தான். ஒரு பழைய வார இதழின் பின்னட்டையை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவள், வீட்டில் சோறு போட்டுப் பழகியவள் என்பதால், தன்னையறியாமல் எண்ணிவிட்டாள்.

அது ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரம். வெள்ளைப் புள்ளி போட்ட நீலக் கவுன், கழுத்தில் முத்துமாலை, அலை அலையாகச் சுருட்டிய முடி என்று ஒரு பெண் மேசையருகே நின்றாள். கணவனின் முகத்தை விரித்த செய்தித்தாள் மறைத்திருந்தது. மூன்றாவது தட்டுக்கு நேரே ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் அந்தப் பெண்ணின் கை இருந்தது. பார்வை மட்டும் நேரே படத்துக்கு வெளியே, பார்க்கிறவரின் முகத்துக்கே வந்தது. 'யாரோ விருந்தாளி வரப்போகினமாக்கும்' என்று நினைத்துக்கொண்டு சிவரூபி இதழைக் கவிழ்த்து மூடியை இறக்கினாள்.

வளைகுடா நகரத்தின் கராமாப் பகுதியில், ஒரு மலையாளி உணவகத்துக்கு மேல் மாடியில் இருந்தது லுக்மானின் அச்சுக்கடை. ஜுமைராவில் யாரோ ஒரு பணக்காரர் பழைய அமெரிக்கப் பாணியில் உணவகம் திறக்கிறாராம். சுவரெல்லாம் ஒட்டுவதற்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓஹியோப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வெளிவந்த வார இதழ்களை இரண்டு பெட்டி நிறைய வாங்கி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி பட்டியலில் எழுதுவது சிவரூபியின் வேலை.

வேலை அலுப்பாக இல்லை. அணுகுண்டு சோதனையைக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனவர்கள், தொலைக்காட்சிக்கு முன் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், இளம்பிள்ளை வாதத்துக்குப் பயந்து நீச்சல் குளத்தை இழுத்து மூடிய ஊர்க்காரர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது இருக்கும். சமையல் குறிப்பில் மீனை ஜெல்லிக்குள் போட்டு அச்சு வார்க்கச் சொல்லியிருந்தார்கள். இதைத் தின்கிற சனத்துக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மேசையின் ஓரத்தில், ஒட்டுநாடாப் பெட்டியில் சாய்த்தபடி அவளுடைய போன் நிற்கும். வீடியோ அழைப்பு திறந்தே கிடக்கும். மறுமுனையில், ஊரில், கரவெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய கணவன் மகேசனின் போன் அதேபோல் நிற்கும். யாரும் யாருடனும் பேச வேண்டும் என்றில்லை. ஏழு வயது மகள் பிரஷாந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். இவள் இங்கே பக்கம் புரட்டுவாள். மகேசன் தண்ணீர்ப் பம்பு திருத்தப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும், "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், வாறன்" என்று போனிடம் சொல்லிவிட்டுப் போவான். கடல் கடந்து வந்து பிழைப்பவர்களின் குடும்பம் நடப்பது இப்படித்தான். பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவளும் நம்பினாள்.

இரண்டாவது வாரம் அந்த விளம்பரம் மறுபடி வந்தது. வருடம் 1952. அதே பெண், அதே நீலக் கவுன், அதே செய்தித்தாள். காலி நாற்காலியில் இப்போது கோடு போட்ட சட்டையுடன் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தட்டுகள் நான்கு. புதிதாக இன்னொரு காலி நாற்காலி முளைத்திருந்தது. அடுத்த வருடத்து இதழில் மஞ்சள் மழைச்சட்டை போட்ட சிறுமி ஒருத்தியும் சேர்ந்திருந்தாள். தட்டுகள் ஐந்து. வீட்டுக்குள், சாப்பாட்டு மேசையில், தொப்பியோடு மழைச்சட்டை. அதிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது.

லுக்மானுக்குக் கணினியில் படங்களை மாற்றி விளையாடும் கெட்ட பழக்கம் உண்டு. ஒரு தடவை அவளுடைய அடையாள அட்டைப் படத்துக்கு மீசை வைத்தவர். சந்தேகம் அவர் மேல்தான் போனது. மூடியைத் திறந்து மூல இதழைப் பார்த்தாள். மக்கிய காகித வாசனையோடு அதிலும் அப்படியே இருந்தது.

"லுக்மான் நானா, இந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் பாருங்கோ. விளம்பரத்துக்குச் சிரிக்கிற பிள்ளைகள் மாதிரியோ இருக்கு?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "காசு குடுக்காம ஊர்ப் புள்ளைங்கள உக்கார வச்சிருப்பான். அதான் மூஞ்சி இப்படி இருக்கு. நீங்க பட்டியல முடிங்கம்மா. யல்லா, சீக்கிரம்."

பட்டியலை முடிக்கப் போய்த்தான் வினை வந்தது. 1952 மார்ச் இதழின் மூன்றாம் பக்கத்துக்கு எதிரே அவளே எழுதியிருந்தாள்: 'கோடு போட்ட சட்டை, ஆறு வயதுப் பையன், முற்றத்தில் காணாமல் போனான்.' விளம்பரம் அதற்கு அடுத்த வாரத்தது. மளமளவென்று கீழே போனாள். 1953 ஏப்ரல், மழை நாள், மஞ்சள் மழைச்சட்டைச் சிறுமி. அடுத்த வாரம் விளம்பரம். 1954 ஆகஸ்ட், வாதத்தால் காலில் இரும்புப் பட்டை கட்டிய பையன், வாசல் படியிலிருந்து. அடுத்த வாரத்துப் பின்னட்டையை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பக்கம்தான் உணவகச் சுவருக்காக ஆளுயரத்துக்கு அச்சாகி, செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ப் படத்திலிருந்த மேசைக்குக் கீழே பார்த்தாள். மூன்று பிள்ளைகளின் கால்கள். அதில் ஒன்றில் இரும்புப் பட்டை.

செய்திகளை மறுபடி ஒழுங்காகப் படித்தாள். மூன்று தாய்மாரும் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், ஏதோ சத்தம் கேட்டு ஒரு கணம் திரும்பினேன். ஊரார் அதை நம்பவில்லை. தாய்மாரைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

வியாழக்கிழமை பிரஷாந்தி எழுதிக்கொண்டிருந்த பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அந்த அன்ரி ஏன் என்னையே பாக்கிறா?"

"எந்த அன்ரி?"

"உங்களுக்குப் பின்னால நிக்கிறவ. எனக்கு என்ன சாப்பிட விருப்பம் எண்டு கேட்டவ."

"அது படம், பிள்ளை. படம் கதைக்காது."

"எனக்குக் கேக்குது," என்று சொல்லிவிட்டுப் பிள்ளை மறுபடி எழுதத் தொடங்கியது.

அன்று முழுக்க சிவரூபி எல்லாரையும் சந்தேகப்பட்டாள். லுக்மான் பிள்ளைக்குக் கதை கட்டிவிட்டிருப்பாரோ என்று. மகேசன் வீட்டில் யாரையாவது விட்டிருக்கிறானோ என்று. சாப்பிட என்ன விருப்பம் என்று பிள்ளையிடம் கேட்கிற பெண் யார் என்று. கேட்டதற்கு அவன் கோபித்துக்கொண்டான். "உமக்கு அங்க வெயில் மண்டைக்கு ஏறிட்டுது" என்றான். அவமானமாக இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, படத்தைக் கழற்றச் சொல்லி லுக்மானிடம் கெஞ்சினாள்.

"நாலு மணிக்கு அந்த ஆள் கலர் பாக்க வர்றாரும்மா. அதுக்கப்புறம் நீங்க கிழிச்சே போட்டாலும் கலாஸ், நான் கேக்க மாட்டேன்."

ஜும்மா தொழுகைக்கு அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், பொதி கட்டும் பழுப்புத் தாளை எடுத்துப் படத்தை மேலிருந்து கீழ்வரை மூடினாள். நான்கு ஓரமும் நாடா ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். ஒட்டும்போது முகத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டாள்.

வெயிலுக்காக ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்ததால் நட்டநடுப் பகலிலும் அறைக்குள் குழல் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. குளிரூட்டி ஒரே சுருதியில் இரைந்தது. கீழே உணவகத்தில் வெங்காயம் வதக்கும் வாசனை தரை வழியாக ஏறி, பழைய தாளின் பூஞ்சண வாசனையோடும் அச்சு மையின் காரத்தோடும் கலந்து தொண்டையில் படிந்தது. தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா உரை கேட்டது. போனுக்குள் கரவெட்டியில் ஒரு காகம் கத்தியது. பிரஷாந்தி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் மேசையில் குனிந்து பெருக்கல் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

மகேசனின் முகம் குறுக்கே வந்தது. "பேக்கரிக்குப் பாண் வாங்கப் போறன். பத்து நிமிசம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்."

"இஞ்சருங்கோ, போகாதேங்கோ. அவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"இந்த வெயிலுக்கையோ? நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்."

மோட்டார் சைக்கிள் கிளம்பித் தேய்ந்து போனது.

சிவரூபி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு போனையே பார்த்தாள். கண்ணை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் இருக்க எந்தத் தாய்க்கும் முடியும்.

முதுகுக்குப் பின்னால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

நாடா உரியும் சத்தம். மெதுவாக, யாரோ நகம் வைத்து ஒரு ஓரத்திலிருந்து கிளப்புவது போல. குளிரூட்டிக் காற்று என்று நினைத்தாள். காற்று என்றால் தாள் படபடக்க வேண்டும். படபடக்கவில்லை. ஒரு ஓரம் உரிந்து முடிந்தது. கொஞ்சம் ஓய்ந்தது. அடுத்த ஓரம் தொடங்கியது.

அவள் திரும்பவில்லை.

"பிரஷா, என்ர குஞ்சு, அம்மாவைப் பார்."

பிள்ளை நிமிர்ந்தாள். ஆனால் தாயைப் பார்க்கவில்லை. தாயின் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"அம்மா, அன்ரி தாளைக் கழட்டுறா."

"அங்க பாக்காதே. என்னைப் பார். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு."

மூன்றாவது ஓரம். தாள் பாதி தொங்கிச் சுவரில் உரசியது. வெங்காய வாசனையை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. முகப்பவுடர். சூடான இறைச்சி. அதற்கு அடியில் எங்கோ, நனைந்த மழைச்சட்டையின் ரப்பர் நாற்றம்.

"மூவேழு இருபத்தொண்டு."

"சொல்லு. நிப்பாட்டாதே."

நான்காவது ஓரம். தாள் முழுதாகத் தரையில் விழுந்தது. அவளுடைய கழுத்து இறுகி வலித்தது. இமைக்காத கண்ணில் நீர் கொட்டியது. திரும்பினால் போச்சு. திரும்பக் கூடாது.

"நாலேழு..."

பிள்ளை சிரித்தாள்.

பிறகு பின்னாலிருந்து, மிக அருகில், நாற்காலி ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம். கூடவே ஒரு குரல். அது பிரஷாந்தியின் குரல். போனுக்குள்ளிருந்து வரவில்லை. இந்த அறைக்குள், அவளுடைய பிடரிக்குப் பின்னால்.

"அம்மா?"

எந்தத் தாய் திரும்பாமல் இருப்பாள். திரும்பினாள்.

ஒரு கணம்தான்.

சுவரில் படம். மேசை. செய்தித்தாள். குனிந்த மூன்று தலைகள். காலி நாற்காலிக்குப் பின்னால் நீலக் கவுன் நின்ற இடத்தில் யாரும் இல்லை. வெறும் சமையலறைச் சுவர்.

பாய்ந்து போனைப் பிடித்தாள்.

கரவெட்டி மேசையில் வாய்ப்பாடு எழுதிய கொப்பி திறந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

"பிரஷா."

காகம் கத்தியது.

"பிரஷா. பிரஷா. இஞ்ச வா. அம்மா கூப்பிடுறன்."

எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ. மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. மகேசன் பாண் பையோடு உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். அறைகளுக்குள் போய்ப் பார்த்தான். கிணற்றடிக்கு ஓடினான். அவனுடைய குரல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதை அவள் போனைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மூச்சு வாங்க அவன் முகம் திரையை நிரப்பியது.

"பிள்ளை எங்க? நீர்தானே பார்த்துக்கொண்டிருந்தனீர்?"

திரையில் அவன் கண் அவளை விட்டு விலகி, அவளுடைய தோளுக்கு மேலே போய் நின்றது. முகம் மெல்லக் குழம்பியது.

"சிவா," என்றான். "உமக்குப் பின்னால இருக்கிறது பிரஷாவெல்லோ?"

அவள் திரும்பி, சுவர்வரை நடந்தாள்.

நீலக் கவுன் தன் இடத்துக்கு வந்திருந்தது. கை ஒரு சின்னத் தோளின் மேல் இருந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, விரலில் பென்சில். பிள்ளை மற்றவர்களைப் போல் குனிந்திருக்கவில்லை. நேரே தாயைத்தான் பார்த்தாள், 'அம்மா' என்று சொல்ல வாய் பாதி திறந்தபடி. சிவரூபி கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டாள். விரலில் மை ஈரமாக ஒட்டியது. கன்னம் இன்னும் சூடாக இருந்தது.