ஐந்து நிமிடப் படம்

படத்தில் எதிர்க்கட்டடம் இழுபட்டுத்தான் பதிந்திருந்தது. அதில் தப்பில்லை. அதன் மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இடுப்புக்கு மேல் தெரிந்த ஆள் மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் அத்தனை துல்லியமாக இருந்தார்.

தன் வீட்டு மொட்டைமாடியில் அவள் லேப்டாப்பைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். பாதியில் நின்றுபோன அந்த ஐந்து மாடிக் கட்டடத்தோடு அவளுக்கு இரண்டு வருடத் தகராறு. வடக்கிலிருந்து கிழக்குவரை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. துருவ நட்சத்திரம் அதன் முதுகுக்குப் பின்னால். அது ஒன்று கண்ணில் பட்டால் தொலைநோக்கியின் அச்சைச் சட்டென்று சரிசெய்துவிடலாம். படாததால் சுற்றுவழி. கட்டடத்தின் கிழக்கு விளிம்புக்குச் சற்று மேலே ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். மோட்டார் தொலைநோக்கியை வானத்தோடு கூடவே திருப்பிக்கொண்டிருக்க, ஐந்தைந்து நிமிடமாகப் படம் எடுக்க வேண்டும். நட்சத்திரம் புள்ளியாக நின்றால் அச்சு சரி, கோடாக நீண்டால் திருகைத் திருப்ப வேண்டும். வானத்தோடு நகர்வது மட்டும் படத்தில் தெளிவாகப் பதியும். பூமியில் நிற்கிற சுவர், மரம், மனுஷன் எல்லாம் இழுபட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள். ஆடிய படம் எது, ஆடாத படம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

"என்ன டாக்டரம்மா, உங்க பேஷன்ட் அசையாம இருக்காரா?" தண்ணீர் பாட்டிலோடு மாடிக்கு வந்த கணவர் திரையைக் குனிந்து பார்த்தார். கேலி அதோடு நின்றது. "யாரு இது? ஓரமா நிக்கிறான்."

"அதாங்க புரியல. ஷேக் ஆகலையே. அஞ்சு நிமிஷம் எடுத்த படம்..."

"அவன் குதிக்கப் போறானோ என்னவோ, நீ ஷேக் ஆகலைங்கற." டார்ச்சை எடுத்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக், உயரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வரேன். போனைக் கட் பண்ணாத."

போகாதீங்க என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு உயிர் விஷயம். "பாத்துப் போங்க, படியில கைப்பிடி கிடையாது," என்று மட்டும் சொன்னாள்.

வெறுங்கண்ணுக்கு அந்த மாடி தெரியவில்லை. தெருவிளக்கின் கண்கூசும் வெளிச்சத்துக்கு மேலே ஒரே கறுப்பு. போனில் அவருடைய செருப்பு சிமெண்ட் படியில் தேய்வதும், மணல் நெரிவதும், பழக்கதோஷத்தில் "ரெண்டு... மூணு..." என்று அவர் மாடி எண்ணுவதும் கேட்க, இந்தப் பக்கம் மோட்டார் கொசுவைப்போல் விடாமல் ரீங்கரிக்க, எதிர்ப்பக்கக் காற்றில் ஈரச் சிமெண்டும் துருவும் கலந்த வாசனை வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது படம் வந்தது. தொலைநோக்கி வானத்தோடு ஏறியதால் கட்டடம் படத்தில் கொஞ்சம் கீழே போயிருந்தது. ஆள் கீழே போகவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே விட்ட இடத்திலேயே, இப்போது முழங்கால்வரை தெரிந்தார். சுவர்மேல் ஏறுகிறாரோ?

"அஞ்சு. வந்துட்டேன்." எதிர்மாடியில் டார்ச் வெளிச்சம் அலைந்தது. "இங்க யாருமே இல்லம்மா. மூட்டைதான் கிடக்கு."

"சுவர் பக்கம் பாருங்க."

"சுவர் பக்கம்தான் நிக்கிறேன்."

மூன்றாவது படம். கணவர் இழுபட்டு, மங்கலாக, டார்ச் ஒரு கோடாக. மனுஷன் பதிய வேண்டிய விதத்திலேயே பதிந்திருந்தார். நல்லவேளை என்று நினைத்தாள். பக்கத்திலேயே மற்றது. துல்லியமாக. பாதம்வரை தெரிந்தது. பாதம் சுவரைத் தொடவில்லை. அதன் கை அவர் பக்கம் நீண்டிருந்தது.

"இறங்கிடுங்க. உடனே."

"என்னாச்சு?"

"கேக்காதீங்க. இறங்குங்க."

டார்ச் வெளிச்சம் மாடியிலிருந்து மறைந்தது. போனில் படி இறங்கும் சத்தம். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இனிமேல் இந்த வேலையே வேண்டாம், மனுஷன் வீடு வந்து சேர்ந்தால் போதும். எதிர்க்கட்டட வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் யாரும் வரவில்லை.

நான்காவது படம்.

அவர் மாடியில்தான் நின்றார். இழுபடவில்லை. சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. மணிக்கட்டை அது பிடித்திருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"இறங்கிட்டுத்தாம்மா இருக்கேன்." மூச்சிரைத்தது. செருப்புச் சத்தம். மணல் சத்தம். "பதினொரு மாடி எண்ணிட்டேன். படி முடியவே மாட்டேங்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பு. ஓட நினைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரைமுன்னேயே நின்றாள்.

"பதினஞ்சு," என்றார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "என்ன பண்றதுன்னு சொல்லும்மா."

ஐந்தாவது படம் திரையில் மேலிருந்து கீழாக விரிந்தது. நட்சத்திரம் நகரவே இல்லை. அச்சு அத்தனை கச்சிதம். கட்டடம் படத்தின் அடிவிளிம்பில் ஒரு மங்கல் பட்டையாகச் சுருங்கியிருந்தது. அதற்கு மேலே ஆள் உயரத்துக்கு வெறும் வானம். அதற்கும் மேலே அவர்கள் இருவர். ஒருவர் கையை மற்றவர் பிடித்திருக்க, கணவருடைய ஒரு கால் மட்டும் அடுத்த படிக்காகக் கீழே நீண்டிருந்தது. டார்ச் ஒரு புள்ளியாக எரிந்தது.