ஏழாம் சீட்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் என் தங்கையும் ஒரே வண்டியில்தான் அந்த அலுவலகத்தில் போய் இறங்கினோம். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது ஒரு நாள் வேலை. அவர்களுடைய சாட் சர்வரில் சில அமைப்புகளை மாற்றிக் கொடுத்துவிட்டு, மாலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அடுத்த மூன்று நாளும் விடுமுறை.

அவளுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. "டேய் அண்ணா, அங்க யாரும் வாயத் தொறந்து பேசறதில்லடா. பக்கத்து சீட்ல இருக்கறவங்ககூட சாட்லதான் குட் மார்னிங் சொல்றாங்க" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அவளைக் கொண்டுபோய் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார வைத்தது நான். மேனேஜர் எனக்குப் பழக்கம், நான் பேசி வாங்கிய வேலை, என் மானம் போய்விடக் கூடாது.

"ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

என் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடினாள். வலித்தது. திட்டினேன். அந்தத் தட்டு இன்னொரு முறை கிடைக்காதா என்று இன்று நான் தவிக்கிறேன்.

அது ஒரு பழைய வங்கிக் கட்டடம். வங்கி காலி செய்துவிட்டுப் போன பிறகு இந்தக் காப்பீட்டு நிறுவனம் பிடித்திருந்தது. மேலே இருபது சீட். கீழே, நிலத்தடியில், லாக்கர்கள் இருந்த இரும்பு அறைதான் இப்போது ரெக்கார்டு ரூம். சர்வரைப் பார்க்க காலையில் ஒரு முறை கீழே இறங்கினேன். ஈரக் காகிதத்தின் வாடையும் பூஞ்சை வாடையும் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டன. இரும்புக் கதவில் பழைய சாவித் துவாரத்தை ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். பக்கத்தில் கார்டு வைக்கும் சின்னப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

நான் செய்ய வந்த வேலைக்கு சிங்கிள் சைன்-ஆன் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் ஒரு முறை உள்நுழைந்தால் போதும், அதற்குப் பிறகு எல்லா வாசலும் திறக்கும். அந்த அலுவலகத்தில் கேட், ரெக்கார்டு ரூம் கதவு, அந்த அறையின் விளக்கு, காற்று இழுக்கும் ஃபேன் எல்லாம் ஏற்கெனவே ஒரே ஊழியர் பட்டியலோடு கட்டப்பட்டிருந்தன. பட்டியலில் உள்ள ஒருவர் கார்டு வைத்து உள்ளே போனால்தான் விளக்கும் ஃபேனும் ஓடும். வெளியே வரவும் அதே கார்டுதான். சாட் சர்வர் மட்டும் தனியாக நின்றது. அதையும் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மேனேஜர் தன் அறையில் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பட்டியலில் யார் பெயரும் இல்லை. சீட் ஒன்று, சீட் இரண்டு என்று இருபது வரை மின்னஞ்சல் முகவரிகள்.

"பேரு போட மாட்டீங்களா சார்?"

"எதுக்கு? ஆளு வருவாங்க, போவாங்க. சீட்டு எங்கயும் போகாதுல்ல?" என்று சிரித்தார். "இன்னொண்ணு. பட்டியல்லேர்ந்து எடுத்தா எல்லா இடத்துலயும் உடனே எடுபடணும். ஒரு நொடி லேட் ஆகக் கூடாது. சேக்கறது மணிக்கு ஒரு தடவ நடந்தா போதும். உள்ள வர்றதுக்கு என்ன அவசரம்?"

"அவ்வளவு அவசரமா யார எடுக்கப் போறீங்க?"

"வேலைய விட்டுப் போன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் நேர்ல சொன்னதில்ல. அழுவாங்க, கால்ல விழுவாங்க, நமக்கு எதுக்கு? பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன். கார்டு வேலை செய்யலன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

நானும் சிரித்தேன். நல்ல பாதுகாப்பு என்று பாராட்டவும் செய்தேன். அவர் சொன்னபடியே நீக்கத்தை 'உடனே' என்றும், சேர்க்கையை 'மணிக்கு ஒரு முறை' என்றும் என் கையால்தான் அமைத்தேன்.

இன்னொரு தப்பும் என் கையால்தான். பழைய சாட் கணக்குகளைப் புதுப் பட்டியலோடு பொருத்தும்போது, ஒவ்வொன்றாகத் திறந்து யார் எவர் என்று பார்க்க வேண்டும். சோம்பேறித்தனம். விடுமுறை அவசரம். 'ஒரே முகவரி இருந்தால் பழைய கணக்கோடு இணைத்துவிடு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். சீட்டுக்குத்தான் முகவரி, ஆளுக்கில்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன். ஒரு சீட்டில் முன்பு இருந்தவரின் கணக்கு இப்போது இருப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும் போட்டேன்.

இரண்டு மணிக்கு எல்லாம் ஓடத் தொடங்கியது. எல்லாரும் உள்நுழைந்தார்கள். பிரச்சினை இல்லை.

மூன்று மணி ஆவதற்குச் சற்று முன்னால், சாட்டில் எல்லாரும் இருக்கும் பொது அறையில் ஏழாம் சீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"யாராவது இருக்கீங்களா"

ஏழு என் தங்கையின் சீட். ஆனால் செய்திக்குப் பக்கத்தில் இருந்த படம் அவளுடையது இல்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. கண்ணாடி, படிய வாரிய தலை, வேலைக்குச் சேர்ந்த அன்று எடுக்கும் படங்களில் எல்லார் முகத்திலும் இருக்கும் அந்தப் பயந்த சிரிப்பு.

"கதவு திறக்கல"

"கார்டு வேலை செய்யல யாராவது கீழ வாங்க"

அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் ஒரேயடியாக நின்றது. நான் முதலில் பயப்படவில்லை. எனக்கு விளக்கம் தெரியும். அனுப்ப முடியாமல் போன செய்திகள் பழைய போனில் தேங்கிக் கிடக்கும், கணக்கு மறுபடி உயிர்பெற்றால் அவை வந்து விழும். இது எங்கள் தொழிலில் சாதாரணம்.

அந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் நான் யோசிக்கவில்லை.

மேனேஜர் என் தோளைப் பிடித்தார். "அத நிறுத்துங்க. எல்லாரும் பாக்கறாங்க. ஏழ எடுங்க சார், எடுங்க!"

ஏழாம் சீட்டை எடுத்தால் தங்கையும் வெளியே விழுவாள் என்பது எனக்குத் தெரியும். சீட்டில்தானே இருக்கிறாள், ஒரு மணி நேரம் வேலை இல்லாமல் உட்கார்ந்து என்னைத் திட்டுவாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஏழாம் சீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். உடனே எடுபட்டது. நன்றாகத்தான் அமைத்திருந்தேன்.

நீக்கிய கணக்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது.

"அண்ணா லைட் போயிடுச்சு"

அந்தப் பெண்மணிக்கு நான் எந்த வகையில் அண்ணன்?

எழுந்து வெளியே வந்து பார்த்தேன். ஏழாம் சீட் காலி. நாற்காலியில் அவள் துப்பட்டா மட்டும் தொங்கியது. "ஒரு பழைய ஃபைல் எடுத்துட்டு வரச்சொல்லி நான்தான் கீழ அனுப்பினேன்" என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல்.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கதவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் தற்காலிகக் கார்டுக்குத் திறக்கவில்லை, மேனேஜர் கார்டுக்கும் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர் வெளியே வந்ததாகக் கணக்கு முடியாமல் அடுத்தவருக்குத் திறக்காது. அதுவும் ஒரு பாதுகாப்பு. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கனத்த இரும்பு, குரல் வரவில்லை.

வாசல் செக்யூரிட்டி பின்னாலேயே ஓடிவந்து கதவில் காதை வைத்தார்.

"மறுபடியுமா சார்?" என்று கிசுகிசுத்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏழுல இருந்த அம்மா. அவங்க உள்ள இருக்கறப்ப மேல இந்த மேனேஜரு அவங்கள பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாரு. அன்னிக்கும் வெள்ளிக்கிழமதான். மூணு நாள் லீவு. வேலை போச்சுன்னு கோவத்துல வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு எல்லாரும் நெனச்சோம். நாலாவது நாள் யார் கார்டுக்கும் தொறக்கலன்னு பூட்ட அறுத்தப்ப நான்தான் மொதல்ல உள்ள போனேன். வெரல்ல நகமே இல்ல சார்."

"அவங்க போன்?"

"கெடைக்கவே இல்ல."

மடிக்கணினியைப் படியிலேயே வைத்துத் திறந்தேன். ஏழாம் சீட்டைத் திரும்பச் சேர்த்தேன். 'அடுத்த சேர்க்கை: நான்கு மணி' என்றது. மூன்று பத்துதான் ஆகியிருந்தது. உடனே சேர்க்கச் சொல்லும் அவசரப் பொத்தானை அழுத்தினேன். அது சொன்ன பதிலை நான் எந்த சர்வரிலும் பார்த்ததில்லை.

'ஏழாம் சீட்டில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.'

திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதே பதில். மேனேஜர் தீயணைப்புக்குப் போன் செய்துகொண்டிருந்தார். கதவை அறுக்க ஆள் வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். நான் மேனேஜரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். என்ன பயன்? அவர் கேட்டார், நான் செய்தேன்.

என் போன் அதிர்ந்தது.

"டேய் அண்ணா மூச்சு முட்டுது தொறடா"

"இரு, வந்துட்டேன், கதவுகிட்டதான் நிக்கறேன்" என்று அடித்தேன். செய்திக்குப் பக்கத்தில் 'அனுப்பப்படுகிறது' என்று வந்தது. அப்படியே நின்றது.

"அண்ணா இங்க இன்னொருத்தங்க இருக்காங்க"

உள்ளே தட்டும் சத்தம் இரண்டாகியிருந்தது. ஒன்று வேகமாக, பதறி. இன்னொன்று நிதானமாக, நகமில்லாத விரல் நுனியால் தட்டுவது போல மெத்தென்று.

செக்யூரிட்டி கதவிலிருந்து காதை எடுத்துக்கொண்டார்.

"இது அவங்க சீட்டுன்னு சொல்றாங்க"

"எழுந்துருன்னு சொல்றாங்க"

"அண்ணா"

பிறகு ஒரு தட்டல்தான் கேட்டது. நிதானமான தட்டல்.

நான்கு மணிக்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. என் தங்கை வெளியே வந்தாள். வியர்வை இல்லை, அழுத தடம் இல்லை. கையில் ஃபைல். கலைந்தே கிடக்கும் அவள் தலைமுடி படிய வாரியிருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அறிமுகமில்லாத ஆள் மேலே விழுந்தால் ஒரு பெண் எப்படி நெளிவாளோ அப்படி நெளிந்து விலகினாள். மேனேஜரைத்தான் பார்த்தாள்.

"ஃபைல் கெடச்சிருச்சு சார்" என்றாள் மெதுவாக. "இப்ப கார்டு வேலை செய்யுது."

மேனேஜர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் போன் எங்க?" என்று கேட்டேன். "எந்தப் போன்?" என்றாள். நானும் செக்யூரிட்டியும் அந்த அறையை அலசிவிட்டோம். எதுவும் இல்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. விடுமுறை முடிந்து இரண்டாம் நாள் மேனேஜர் வரவில்லை. பட்டியலில் அவர் சீட் இல்லை, யார் எடுத்தார்கள் என்று பதிவும் இல்லை. கட்டடம் முழுக்கத் தேடினார்கள், ரெக்கார்டு ரூமையும் திறந்து பார்த்தார்கள். ஆள் இல்லை. அவர் வண்டி மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வாயாடி அடங்கிவிட்டாளாம், பொறுப்பு வந்துவிட்டதாம். இவள் என்னை "நீங்க" என்கிறாள். அம்மா என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிறாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

நான் அந்த அலுவலகத்திலேயே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டேன். எட்டாம் சீட். சர்வரை விட்டுப் போக முடியாது. பட்டியலைத் திறந்தால் இப்போது ஏழாம் சீட் இரண்டு இருக்கிறது. ஒன்றில் கண்ணாடி போட்ட பெண்மணியின் படம். பக்கத்துச் சீட்டில் இருப்பவள் தினமும் அதில்தான் உள்நுழைகிறாள். இன்னொன்றில் என் தங்கையின் படம். பழைய கணக்குகளைச் சுத்தம் செய்யும்படி புது மேனேஜர் மூன்று முறை கேட்டுவிட்டார். நீக்கினால் உடனே எடுபடும். எதை நீக்க?

அந்த இரண்டாவது கணக்கிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குச் செய்தி வருகிறது. "அண்ணா இருட்டா இருக்கு." "அண்ணா எப்ப தொறப்ப." நான் தினமும் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறு வாயாடி, வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு இதை முயன்றேன், நாளைக்கு அதை முயல்வேன் என்று என் திட்டம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட பதில்கள். எல்லாமே 'அனுப்பப்படுகிறது' என்று நிற்கின்றன.

நேற்று எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். நான்கு மாதமாக நின்றிருந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'படிக்கப்பட்டது' என்று மாறியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

"டேய் அண்ணா எழுதாதடா. எனக்கு ஒண்ணுமே வரல. அவதான் படிக்கிறா."

எனக்குப் பக்கத்தில், ஏழாம் சீட்டின் நாற்காலி மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது.