ஆரம்பப் பங்குதாரர் ஒருவர் போதும்

கைத்தொலைபேசி அலறியது.

"லெனாட் அண்ணை... கிறிஸ்ரியைக் கொழும்புத்துறைக் கரையிலை எடுத்திருக்கினம். ஆள் முடிஞ்சுது."

"ஐயோ... என்ரை தம்பி..."

லெனாட்டுக்கு அழுகை நன்றாகவே வந்தது. முதல்நாள் மாலை கிறிஸ்ரியைத் துடுப்பால் அடித்துக் கடலில் தள்ளியபோதே ஒத்திகை பார்த்துவிட்டான், பாவி!

இருவரும் சேர்ந்து நண்டு ஏற்றுமதிக் கம்பனி தொடங்க இருந்தார்கள். கிறிஸ்ரியின் மனைவி வசந்தினி தன் சீதனக் காணியை விற்றுத்தான் ஐஸ் மெசின் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கே செத்த வீடு.

விறாந்தை ஓரமாக அவளைக் கூப்பிட்டான் லெனாட்.

"குறை நினையாதையும் வசந்தினி. கம்பனி இன்னும் பதிவாகேல்லை."

"இவர் ஆரம்பப் பங்குதாரர் எண்டு கையெழுத்து வைச்சவரல்லோ?"

"வைச்சவன்தான். பதிவுக்கு முதல் ஆள் செத்தால் அந்த விண்ணப்பம் சரிவராது. புதுசாப் போடவேணும். சட்டப்படி ஆரம்பப் பங்குதாரர் ஒராள் காணும், ரெண்டு பேர் தேவையில்லை. நான் தனியப் போடுறன்."

"அப்ப... என்ரை காணி வித்த காசு?"

"அதுக்கு எழுத்து ஏதும் இருக்கோ?"

உள்ளே பெட்டியில் கணவன். இடுப்பில் பால்குடிக் குழந்தை. நெஞ்சு எரிந்தது அவளுக்கு.

"நண்டு உடைக்க வாருமன். நாள்கூலி தாறன்" என்றான் லெனாட்.

சண்டாளன்!

கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார் இன்ஸ்பெக்டர் குகதாசன்.

"சந்தியிலை கண்ணீர் அஞ்சலி பனர் பார்த்தனான், லெனாட். உம்மடைதான் முதல் பனர்."

லெனாட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. யாருடைய பனர் முதலில் ஏறுகிறது என்பது இந்த ஊரில் மானப் பிரச்சினை. கிறிஸ்ரியின் படத்தைவிடத் தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தான்.

"ஓம் சேர். காலமை செய்தி கேட்ட உடனை ஓடிப்போய் அடிப்பிச்சனான்."

"எந்தக் கடையிலை?"

"சந்திக் கடையிலைதான்..."

"இண்டைக்கு ஞாயிறு. கடைக்காரன் கடையே திறக்காமல் பூசைக்குப் போயிட்டான்."

லெனாட் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"கோயில் வாசலிலை அவனோடை கதைச்சனான். நேற்றுப் பொழுதுபடப் படம் குடுத்து, இருந்து அடிப்பிச்சுக்கொண்டு போனீராம். கிறிஸ்ரி கடல் தொழிலிலை நிக்கிறான் எண்டு ஊரே நினைச்ச நேரம் அது. உமக்கு மட்டும் எப்பிடித் தெரியும், அவன் செத்தது?"

"சேர்... அது வந்து..."

"ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்ததெண்டு என்னட்டைக் கேட்டதே இந்தப் பிள்ளைதான்."

லெனாட் திரும்பினான். வசந்தினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விலங்கு பூட்டப்பட்டது.

"கம்பனி... விண்ணப்பம்..." என்று உளறினான்.

வசந்தினி கண்ணைத் துடைத்தாள்.

"அதை நான் போடுறன் அண்ணை. கம்பனிக்கு நான் ஒராள் காணும். மறியற்சாலைக்கு நீங்கள் ஒராள் காணும்."